உட்கார்ந்தால் தொண்ணூற்றேழு

முற்பகல் வெயில் மருத்துவரின் மேசைக் கண்ணாடியில் விழுந்து கண்ணைக் கூசவைக்கிறது. கணவனோடு எதிரே உட்கார்ந்திருக்கிறாள் அவள். முடக்குவாதத்தில் வீங்கிக் கோணிய அவள் விரலில், பிராணவாயு அளக்கும் கிளிப் சிவப்பாக மினுங்குகிறது. "நூத்துக்குத் தொண்ணூத்தேழு! மூச்சு வாங்குறதெல்லாம் மனப்பிரமைம்மா," என்கிறார் மருத்துவர். எப்போது வந்தாலும் இதே நாற்காலி, இதே பதில். "மூட்டை அரிக்கிற நோய் நுரையீரலையும் அரிக்குமாமே சார்?" என்கிறான் கணவன். "அதெல்லாம் ரொம்ப அபூர்வம்." அவளுக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. "அபூர்வம்னா எனக்கு வரக்கூடாதா? உக்காந்திருந்தா எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர். வீட்ல என்னை யாரு உக்கார விட்டா?" கணவன் தலையைக் குனிந்துகொள்கிறான். அவள் கிளிப்பைக் கழற்றாமலே எழுந்து வெளித் தாழ்வாரத்தில் நடக்கிறாள். செருப்புச் சத்தத்தோடு வறட்டு இருமலும் கோடி வரை போகிறது. கணவன் ஓடிப்போய்த் தோளைத் தாங்குகிறான். நீலம் பாரித்த உதடுகளோடு திரும்பி வந்து, விரலை மருத்துவரின் முகத்துக்கு நேரே நீட்டுகிறாள். எண்பத்திரண்டு. அவர் பதறி எழுகிறார். "ஐயோ, முதல்ல உக்காருங்கம்மா!" "மாட்டேன்," என்கிறாள், மூச்சுக்கு மூச்சு நிறுத்தி. "உக்காந்தா மறுபடியும் தொண்ணூத்தேழு ஆயிடும். நுரையீரல் ஸ்கேனுக்கு எழுதுங்க, அப்புறம் உக்கார்றேன்."