வெங்காயப் பாத்தி

"ஏய் மினாவர், வெளியே வாடி! உன் கோழி என் வெங்காயப் பாத்தியைக் கிளறிப் போட்டிருச்சு!"

மாத்திரைப் பையோடு தெருமுனை திரும்பிய நர்ஸ் அனாராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆரம்பித்துவிட்டாள் பக்கத்து வீட்டு ஊல்கான்! பத்து நாளாக இதே கூத்து.

மினாவருக்குக் காசநோய் வந்து மூன்று மாதம். இனிமேல் யாருக்கும் தொற்றாது என்று சொல்லியும் கிர்கிஸ்தானின் நாரின் நகரத்து அந்தத் தெருவில் ஒருத்தர்கூட அவள் வாசலை மிதிக்கவில்லை. புருஷனுக்கு ரஷ்யாவில் வேலை. சுவரைப் பார்த்துப் படுத்தவள், "நான் இருந்து என்ன ஆகப்போகுது?" என்று மாத்திரையைத் துப்ப ஆரம்பித்தாள்.

மனநல டாக்டர் வந்து பார்த்தார். "மருந்தோட பேச்சுத்துணையும் வேணும்" என்றார்.

துணைக்கு எங்கே போவது? வாய்த்தது இந்தச் சண்டைக்காரிதான்!

அனாரா மினாவரின் வீட்டுக்குள் ஓடினாள். கட்டில் காலி.

மினாவர் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள். தலை சீவியிருந்தாள். கை இடுப்பில்.

"என் கோழியாடி? முதல்ல உன் வேலியைப் பாரு! உன் வீட்டுக்காரர் குடிச்சிட்டு வர்ற மாதிரியே சாய்ஞ்சு நிக்குது!"

அதற்குள் இருமல் வந்துவிட்டது.

"அனாரா, மாத்திரையைக் குடு சீக்கிரம். பாதிப் பேச்சுல மூச்சு வாங்குது. அந்தப் பிசாசுக்கு இளக்காரமாப் போயிடும்!"

அத்தனையையும் ஒரே மடக்கில் விழுங்கினாள். ரொட்டியைப் பாலேட்டில் தோய்த்து இரண்டு வாய் தின்றாள். அனாராவுக்குக் கண் கலங்கியது. இருந்தாலும், ஊல்கானை விடுவதாக இல்லை; வெளியே போய் வேலியோரம் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்க்கா, நோயாளிகிட்ட தினம் மல்லுக்கு நிக்கறீங்களே, நியாயமா? கோழி கிளறினதை நீங்க பார்த்தீங்களா?"

ஊல்கான் குரலைத் தாழ்த்தினாள். "மெதுவாப் பேசு. அது கூட்டை விட்டே வரலை. தினம் நான்தான் கிளறி விடறேன்."

"நீங்களா! எதுக்கு?"

"எங்கடி ஓடிட்டே? நான் இன்னும் முடிக்கலை!" ஜன்னலிலிருந்து மினாவரின் குரல் கணீரென்று வந்தது.

ஊல்கான் முகமெல்லாம் சிரிப்பாக, தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"ஏழு வருஷம் முன்னாடி எனக்கும் இதே நோய்தான் அனாரா. தெருவே மரியாதையா ஒதுங்கிப் போச்சு. சண்டை போடக்கூட எனக்கு ஒரு ஆள் வரலை."