வியாழன் இரவு இரண்டு மணி

"வியாழனா, வெள்ளியா?" என்று அதிகாரி மூன்றாம் தடவையாகக் கேட்டார்.

நான் மூன்றாம் தடவையாக அதைத் தமிழில் கேட்டேன்.

"வியாழன் இரவு. ரெண்டு மணி இருக்கும்" என்றார் தயாபரன், மூன்றாம் தடவையாக. சுவிஸில், பீல் நகரத்தில் கைக்கடிகாரங்களுக்கு முள் பொருத்துகிறவர். நேர விஷயத்தில் நம்பலாம்.

அதிகாரி பழைய வாக்குமூலத்தின் நான்காம் பக்கத்தைத் தட்டிக் காட்டினார். போன வருடம் கன்டோன் என்கிற மாநில அலுவலகத்தில் பதிந்தது. இராணுவம் தயாபரனை வீட்டில் வைத்துப் பிடித்தது வெள்ளிக்கிழமை, அதிகாலை இரண்டு மணி.

பிடிபட்ட நாள் தெரியாதவர் பிடிபட்டிருக்க மாட்டார். பிடிபடாதவர் அகதியாக இருக்க முடியாது. அகதி இல்லாதவருக்குக் கொழும்புக்கு விமானம் இருக்கிறது. அதிகாரி இதை மிகவும் மரியாதையாக விளக்கினார். 1987இல் பேர்ன் நகரில் இதற்கெல்லாம் யாரும் குரலை உயர்த்துவதில்லை.

தயாபரனின் இடது கையில் இரண்டு நகங்கள் இல்லை. அதில் முரண்பாடு ஏதும் இல்லாததால் கேள்வியும் இல்லை.

நான் மொழிபெயர்ப்பாளன். சொன்னதை மட்டும் சொல்ல வேண்டும், சொந்தப் புத்தியைச் சேர்க்கக் கூடாது என்று இந்த வருடத் தொடக்கத்தில் எழுத்தில் தந்துவிட்டார்கள். என்னுடைய அகதி மனுவும் இதே கட்டிடத்தின் மேல்மாடியில் ஏதோ ஓர் அலமாரியில் கிடப்பதால், அந்தத் தாளைத் தேவாரம் போலப் பாடமாக்கி வைத்திருக்கிறேன்.

ஜன்னலோரத்தில் பேராசிரியர் வைலர் இருந்தார். விசாரணை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ஒரு தொண்டு நிறுவனம் அனுப்பியவர். கடைசியில் கேள்வி கேட்கலாம், வாதாடக் கூடாது.

ஓய்வுபெற்ற யூதவியல் அறிஞர். காலையில் கோப்பி ஆறுவதற்குள் தன் வாழ்க்கை முழுவதையும் எனக்குச் சொல்லி முடித்திருந்தார்.

அவருடைய அப்பா மாட்டு வியாபாரி. ஒரு வெள்ளிக்கிழமை பொழுதுபடுகிற நேரத்தில் ஒருவன் நல்ல விலை சொல்லிக்கொண்டு வந்தான். யூதர்களுக்கு நாள் தொடங்குவது மாலையில். ஓய்வுநாள் பிறந்துவிட்டால் வியாபாரம் கூடாது. பிறந்துவிட்டதா இல்லையா என்று அப்பாவும் சித்தப்பாவும் பிடுங்குப்பட்டு முடித்தபோது வெளிச்சமும் இல்லை, வந்தவனும் இல்லை.

மகன் அந்தக் கேள்வியோடு பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

நாள் எப்போது தொடங்குகிறது? நாற்பது வருடம், அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். இரண்டு மதிப்புரைகள் வந்தன. ஒன்றை அவருடைய மாணவரே எழுதினார். மாணவர்கள் மொத்தம் மூவர். ஒருவர் இப்போது ட்ராம் ஓட்டுகிறார். பேராசிரியர் பதவி, ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போது கிடைத்தது.

அந்தக் கேள்விக்கு அவசரமாக விடை தேவைப்பட்ட ஒரு மனிதரையும் அவர் அதுவரை சந்தித்ததில்லை. அன்று காலை பதினொன்று நாற்பதுக்குச் சந்தித்தார்.

விரலை உயர்த்தினார்.

இரண்டும் ஒரே இரவாக இருக்கலாம் என்றார். இவருடைய மக்களுக்கு நாள் விடியலில் தொடங்குமானால், விடியும்வரை அது வியாழன்தான்.

தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண்ணின் கை நின்றது. நான் தமிழில் சொன்னேன்.

"அதுதானே! விடியாமல் எப்பிடி வெள்ளி வரும்?" என்று தயாபரன் மேசையில் அடித்தார். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

அதிகாரி பேராசிரியரைப் பார்த்தார். அப்படித்தான் தொடங்குகிறதா? ஆமா, இல்லையா?

சாதாரண மனிதர் ஒருவர் ஆம் என்று சொல்லிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருப்பார்.

பேராசிரியர் தன்னுடைய துறை மாலையில் தொடங்குகிறவர்கள் என்றார். அதிலேயே மூன்று கருத்துகள் உண்டு என்றார். விடியலில் தொடங்குகிறவர்களைப் பற்றிச் சொல்லத் தனக்குத் தகுதி போதாது என்றார். பிறகு என்னைக் காட்டி, இவருக்குத் தெரிந்திருக்கும் என்றார்.

எனக்குத் தெரியும். பஞ்சாங்கம் தொங்குகிற எந்த வீட்டிலும் தெரியும்.

மொழிபெயர்ப்பாளர் நிபுணர் அல்ல என்றார் அதிகாரி. நான் பணிவோடு தலையாட்டினேன்.

பேராசிரியர் விடவில்லை. பழைய ஏடுகளில் இரண்டு தேதிகள் ஒரே ஒரு நாளால் பிசகினால், நாங்கள் எழுதியவனைச் சந்தேகிப்பதில்லை என்றார். படியெடுத்தவனைத்தான் சந்தேகிப்போம். கெட்டிக்காரனாக இருப்பான். உதவி செய்வதாக நினைத்துத் திருத்தியிருப்பான்.

அந்த வசனங்களை மட்டும் நான் தயாபரனுக்குத் தமிழில் சொல்லவில்லை.

அவருக்கு அது தேவைப்படவும் இல்லை. தானாகவே என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, போன முறையும் நீர்தானே எனக்குப் பக்கத்திலை இருந்தனீர்? வியாழன் இரவு எண்டுதானே நான் சொன்னனான். இவையளுக்கு ஒருக்கால் சொல்லுமன்."

போன வருடம் வேலை எனக்குப் புதிது. சொந்தப் புத்தியும் இருந்தது. சுவிஸ்காரருக்குச் சுலபமாக விளங்கட்டும் என்று வியாழன் இரவு இரண்டு மணியை நானே வெள்ளிக்கிழமை ஆக்கிக் கொடுத்திருந்தேன். அந்த வாக்குமூலத்தின் ஆறாம் பக்கத்தில், கடைசிக் கையெழுத்து என்னுடையது. அதிகாரி இன்னும் நான்காம் பக்கத்தில்தான் இருந்தார்.

என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

தயாபரன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தார். அவருக்கு ஏழு மொழிகள் தெரியும். தமிழ் அதில் இல்லை.

"சரியாக ஞாபகம் இல்லையாம்" என்றேன்.

பேராசிரியர் ஒரு சொல்லையும் மாற்றாமல் அதை அப்படியே படியெடுத்துக்கொண்டார்.