பெட்ரோல் காருக்கு ஒரு விலக்கு

கற்பூரத்தை அணைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

அருப்புக்கோட்டை தினகரனின் மனைவி சுகந்திக்கு இன்னும் பத்து நாள்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. கல்யாணமான புதிதில் போன அதே பெட்ரோல் காரில் தூத்துக்குடி கடலுக்குப் போக வேண்டும். எரிவாயுவிலும் மின்சாரத்திலும் ஓடும் வண்டிகளுக்கு மட்டுமே சாலை என்று சட்டம் வந்துவிட்ட காலம் அது. பெட்ரோல் வண்டிக்கு இருந்த ஒரே விலக்கு, பிணம் ஏற்றிப் போகலாம் என்பது.

"அப்ப என்னையப் பிணமாக்குங்க" என்றாள் சுகந்தி.

தினகரன் அவளுக்கு மாலை போட்டுப் பின் சீட்டில் படுக்கவைத்தார். எட்டயபுரம் சோதனைச் சாவடியில் காவலர் குனிந்து பார்த்தார்.

"என்ன பெரியவரே, மூக்குல பஞ்சைக் காணோம்?"

தினகரன் சட்டைப் பையைத் தடவினார். கண்ணைத் திறக்காமலே சுகந்தி சொன்னாள்: "அவருக்கு எப்பவும் மறதி, தம்பி."

காவலர் சட்டப் புத்தகத்தை நிதானமாகப் புரட்டினார். "பிணம் பேசக் கூடாதுன்னு இதுல போடலை. போங்க."

கடற்கரையில் அவள் அவர் தோளில் சாய்ந்து, பொழுது சாயும்வரை அலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பும்போது சாவடியில் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் தினகரன் இதைத்தான் சொன்னார். யாரும் குறுக்கே பேசவில்லை. எரிவாயு ஆட்டோ வாங்க அரசு தந்த மானியத்துக்காக அந்தக் காரின் இன்ஜினை அவர் கழற்றிக் கொடுத்தது, சுகந்தி படுக்கையில் விழுவதற்கு இரண்டு வருடம் முன்பு.