சமமாக்கிய சோப்பு

சோதனைக்குழாயில் இருந்த பெரிய புரதத்துக்குத் தன் உடம்பின் மடிப்புகள்மேல் ஒரே பெருமை. பக்கத்திலிருந்த குட்டிப் புரதத்தை அது ஏறிட்டும் பார்க்காது.

ஒருநாள் ஆய்வகச் சோப்பு உள்ளே வந்தது. "இனி இங்கே எல்லாரும் சமம்," என்று இரண்டின் மடிப்புகளையும் பிரித்து நீட்டி, ஒரே மாதிரி மின்னூட்டம் பூசியது.

பெரியதுக்கு அழுகையே வந்துவிட்டது. "என் அழகெல்லாம் போச்சே."

"எனக்கும்தான் போச்சு அண்ணே. இனி ஒண்ணாவே இருப்போம்," என்றது குட்டி. பெரியதுக்கு அது ஆறுதலாக இருந்தது.

பிறகு ஆய்வகத்தார் இரண்டையும் சல்லடைபோல் நுண்துளைகள் நிறைந்த ஜெல்லிப் பாளத்தில் இறக்கி, அவை ஓடும்படி மின்சாரம் பாய்ச்சினார்கள். குட்டி சந்துபொந்தெல்லாம் புகுந்து அடிவரை ஓடிவிட்டது. பெரியது வாசலிலேயே சிக்கித் திணறியது.

"எல்லாரும் சமம்னு சொன்னியே?" என்று சோப்பிடம் கேட்டது.

"சமமாக்கினாத்தானே அண்ணே, யார் எவ்வளவு குண்டுன்னு தெரியும்," என்றது சோப்பு.