மாடிக்குப் போன வயர்

“ஏட்டி, இந்த வயரு லெட்டரை முழுங்குமா?” என்று கேட்டார் தளவாய்.

“முழுங்க அது என்ன மலைப்பாம்பா மாமா?” என்று சிரித்தாள், வயர் பழுது பார்க்க வந்த முத்துமாரி.

கீழே தளவாயின் கம்ப்யூட்டர். மாடியில், மூன்று மாதமாக அவரோடு பேசாத மகனுடையது. இரண்டுக்கும் நடுவே ஒரே வயர்.

“‘பேசுடே’ன்னு பதினோரு லெட்டர் அனுப்பிட்டேன். ஒண்ணுகூட போய்ச் சேரல.”

முத்துமாரி வயரின் கீழ்முனையைச் சோதித்தாள். பழுதே இல்லை.

மகன் வேலைக்குப் போயிருந்தான். மருமகள் கதவைத் திறந்துவிட, முத்துமாரி மேல்முனையையும் சரிபார்த்துவிட்டு மாடிக் கம்ப்யூட்டரில் தேடினாள். ரீசைக்கிள் பின்னில் பதினோரு கடிதங்களும் கிடந்தன. ஒவ்வொன்றும் வந்த அன்றே அழிக்கப்பட்டிருந்தது.

கீழே இறங்கினாள்.

“சரியாயிட்டா? இனிமே அவன் வாசிப்பாம்லா?”

முத்துமாரி பையை எடுத்துக்கொண்டு, கூலி வாங்காமல் வெளியேறினாள்.