வேலி தாண்டிய மகரந்தம்

அத்திக்காய்க்குள் மகரந்தம் சுமந்து நுழையும் குளவிக்கு வேலி தெரியாது. மூன்று ஆண்டுகளுக்கு முன் பக்கத்துக் கம்பெனித் தோட்டத்துக் குளவிகள் தங்கையாவின் மரங்களுக்கு வந்தன. யார் பெயரில் பதிவான மரபணு விதையில் இருக்கிறதோ, அவர் சொன்னால் அந்த மரத்தை வெட்டியாக வேண்டும் என்பது சட்டம். கம்பெனி வெட்டச் சொன்னது. நாற்பது மரங்கள் விழுந்தன. அன்றிலிருந்து தங்கையா பேசுவதில்லை.

அவர் மனைவி வடிவு அதே கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். குளவி பொரிக்கும் ஆண் அத்திக்காய்களைப் பையில் போட்டுக் கிளைகளில் தொங்கவிடும் வேலை. வெட்டுப்பட்ட தன் ஆண் மரத்தின் கிளைத் துண்டுகளான போத்துகளை மொட்டைமாடியில் நட்டு வளர்த்து, அதன் மரபணுவைக் கணவர் பெயரில் பதிவு செய்தாள். இந்தப் பருவத்தில் பைகளில் அந்தக் காய்களைத்தான் போட்டாள்.

இன்று அரசு அதிகாரியும் கம்பெனி மேனேஜரும் வீட்டுக்கு வந்தார்கள்.

"முந்நூறு மரம்மா! எல்லா விதையிலயும் உங்க மரபணு. வேணும்னேதான செஞ்ச?" என்றார் மேனேஜர்.

"குளவி போனதுக்கு நான் என்ன சார் பண்ணுவேன்? வேணும்னா அதப் புடிச்சு விசாரிங்க."

அதிகாரி தங்கையாவின் பக்கம் திரும்பினார். "ஐயா, மரத்த விட்டுடலாமா, வெட்டணுமா? நீங்க வாயால சொல்லணும்."

மேனேஜர் கைகூப்பினார். "அண்ணே, நூறு குடும்பம் அதுல பொழைக்குது. உங்க கொழுந்தியா குடும்பமும்தான்."

தன் தங்கை குடும்பம் என்றதும் வடிவின் முகம் மாறியது. "ஏங்க..." என்று அவர் கையைத் தொட்டாள்.

தங்கையா எழுந்து, தன் தோட்டத்தில் மிஞ்சியிருந்த அடிக்கட்டைகளைப் பார்த்தார். பிறகு, கரகரத்த குரலில் சொன்னார்.

"வேரோட."