அளவு தெரியாத டெய்லர்

"கோட்டு புதுசா?"

"ஆமா சார். நேத்துதான் தச்சு வாங்கினேன்." ஜூனியர் நெஞ்சை நிமிர்த்திக் காட்டினான்.

சீனியர் வக்கீல் மூக்குக் கண்ணாடியை இறக்கி அவனை மேலும் கீழும் பார்த்தார். "இன்னிக்குத்தான் வக்கீல் மாதிரி இருக்கே. ஆனா கை என்ன இவ்வளவு இறங்குது?"

"டெய்லர் சொதப்பிட்டான் சார். இவனுங்களே இப்படித்தான். துணியைத் திருடத் தெரியும், அளவெடுக்கத் தெரியாது."

கோர்ட் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு வழுக்கைத் தலைக்காரர் திரும்பிப் பார்த்தார். ஜூனியர் கண்டுகொள்ளவில்லை. கறுப்புக் கோட்டு போடாத யாரையும் அவன் கண்டுகொள்வதில்லை.

இத்தனைக்கும் அவன் வக்கீலாகி ஆறே மாதம். பஸ் காசை மிச்சம் பிடிக்க மூன்று நிறுத்தம் நடந்தே வருவான். இன்னொரு ஆபீஸில் ஜூனியராக இருக்கும் நெட்டையோடு ஒரு மாடி அறையில் வாசம். ஒரு ஸ்டவ், ஒரு வாளி, ஒரு இஸ்திரிப் பெட்டி, மத்தியானம் ஒரு பொட்டலம் சாப்பாடு, எல்லாம் இரண்டு பேருக்கும் பொது. வாய் மட்டும் இவனுக்குத் தனியாக எட்டூருக்கு இருந்தது.

அவனுடைய பழைய கோட்டு அக்குளில் கிழிந்து பல்லிளித்தது. "திங்கக்கிழமையும் இந்தக் கந்தலோட வந்தா, அப்படியே திரும்பிப் போயிடு" என்று போன வெள்ளிக்கிழமைதான் சீனியர் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். நீதிபதி இவருக்கும் மேலே. உடுப்பு சரியில்லாத வக்கீல் என்ன பேசினாலும் அவர் காதில் ஏறாது. பழைய கோட்டு இப்போது அறையில் ஷூ துடைக்கிறது.

சீனியர் ஒரு கேஸ் கட்டை அவன் கையில் திணித்தார். "இதைப் பார்க்க வேண்டியவன் இன்னிக்கு லீவு. கட்டடச் சொந்தக்காரர் நம்ம கட்சிக்காரர். அதுல இருக்கிற கடையைக் காலி பண்ணச் சொல்லிக் கேஸ். எதிர்த்தரப்பு ஏற்கெனவே ரெண்டு தடவை வாய்தா வாங்கியாச்சு. இன்னிக்கு அவங்க வக்கீல் வரலைன்னா தீர்ப்பு நமக்குத்தான். வாங்கிட்டு வா, அடுத்த மாசத்துலேர்ந்து உனக்குச் சம்பளம்."

சம்பளம்! ஜூனியருக்குத் தலைகால் புரியவில்லை. கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கோர்ட் ஹாலை நோக்கி நடந்தான்.

வழுக்கைத் தலைக்காரர் எழுந்து குறுக்கே வந்தார். "தம்பி, இந்தக் கோட்டு உங்களுக்கு எப்படி..."

"எங்கே தச்சேன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டிருக்க முடியாதுய்யா. தள்ளு!"

பையில் செல்போன் அதிர்ந்தது. நெட்டை. மணி பன்னிரண்டு ஐந்து. 'பன்னெண்டு மணிக்குள்ள வாசலுக்கு வந்துடுடா, கையெடுத்துக் கும்பிடறேன்' என்று காலையிலேயே பத்து தடவை சொல்லியிருந்தான். மறுபடி அதிர்ந்தது. மறுபடியும். ஜூனியர் போனை அணைத்தான். இவனுக்கு முதல் தீர்ப்பு கிடைக்கப் போகிற நேரம். நெட்டை கொஞ்சம் காத்துக் கிடந்தால் குடியா முழுகிவிடும்?

கேஸைக் கூப்பிட்டார்கள். எதிர்த்தரப்பு என்று கைகூப்பி வந்து நின்றவர், அதே வழுக்கைத் தலைக்காரர்.

"கடை உங்களுதா?" நீதிபதி கேட்டார்.

"ஆமாங்கய்யா. தையல் கடை. இருபது வருஷமா அங்கேதான் தைக்கிறேன். அதை விட்டா எனக்கு வேற போக்கிடம் கிடையாதுங்க."

டெய்லரா! ஜூனியருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"உங்க வக்கீல் எங்கே?"

"வந்துட்டாருங்கய்யா. வாசல்ல நிக்கிறாரு."

ஹாலே சிரித்தது. ஜூனியர் எழுந்தான். இப்படி ஒரு வாய்ப்பை அவன் விடுவானா?

"வெத்தலை பாக்கு வெச்சு அழைச்சாத்தான் உள்ளே வருவார் போலிருக்கு ஐயா. ஒரு மனுஷனோட பிழைப்பு போகப் போகுது, அவரு வாசல்ல நின்னு வேடிக்கை பார்க்கிறாரு. இவரெல்லாம் ஒரு வக்கீலா? இவரை நம்பின கடை எப்படி நிலைக்கும்? இன்னிக்கே தீர்ப்பு சொல்லிடணும்னு கேட்டுக்கறேன்."

பேசி முடித்து, கோட்டை இரண்டு பக்கமும் இழுத்துவிட்டுக்கொண்டான்.

நீதிபதி பேனாவைத் திறந்தார். ஆனால் டெய்லர் பேனாவைப் பார்க்கவில்லை. ஜூனியரின் விரல் நுனிவரை இறங்கியிருந்த கோட்டுக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசியா கேக்கறேன்" என்றார் நீதிபதி. "வாசல் வரைக்கும் வந்தவரு உள்ளே வர்றதுக்கு என்ன தடை?"

டெய்லர் கையை நீட்டி ஜூனியரைக் காட்டினார்.

"அளவெல்லாம் நான் சரியாத்தாங்கய்யா எடுத்தேன். இவரு போட்டிருக்கிறது எங்க வக்கீலோட கோட்டு."